புது என்ஜின் போட்ட பழைய ஜெட்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள், என் முதலாளி மேசைமேல் ஒரு விமானத்தின் படத்தை வைத்து, "தங்கச்சி, இத வாங்கலாம்னு இருக்கேன். எப்படி இருக்கு?" என்று கேட்டார். ஏதோ கார் படத்தைப் பார்ப்பதுபோல் பார்த்து, கலர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அதன்பின் மத்தியானம்வரை டைப் அடித்ததெல்லாம் பிழை.

மலாக்கா டவுனில் ரப்பர் கையுறை செய்யும் கம்பெனியில் நான் கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா. ஏற்றுமதிப் பெட்டிகளின் எண்களைச் சரிபார்ப்பது என் வேலை. நியாலாஸ் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவள். அம்மா அப்போதும் அங்கே எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்கிக்கொண்டிருந்தார். முதலாளியும் எஸ்டேட் லாரி டிரைவரின் மகன்தான். வியாபாரத்துக்காகக் கடல் தாண்டி மேடானுக்கும் சபாவுக்கும் ஓடி ஓடி, பிளேன் மாறி மாறி அலுத்துப்போய், சொந்தமாக ஒன்று வாங்கத் துணிந்தார்.

அது சிங்கப்பூரில் ஒரு கொட்டகையில் நின்றது. வயது இருபதுக்குமேல். ஆனால் பழைய என்ஜின்களைக் கழற்றிவிட்டு, இன்னும் வலுவான புது என்ஜின்கள் இரண்டைப் பொருத்தியிருந்தார்கள். உள்ளே தோல் இருக்கைகள் எட்டு. முதலாளி ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து பார்த்தார். அவர் பேசி வைத்திருந்த பைலட், ஆகாயப்படையிலிருந்து ஓய்வு பெற்ற ஜொகூர்த் தமிழர், எங்களுக்குக் கேப்டன், இருக்கைகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பழைய விமானத்துக்குப் பெயிண்ட் முக்கியமில்லை, புத்தகம்தான் முக்கியம் என்று சொல்லி, இரண்டு அட்டைப்பெட்டி நிறையப் பதிவேடுகளை என் முன்னால் தள்ளினார். அதுவரை அது பறந்தது, இறங்கியது, திருகாணி மாற்றியது எல்லாம் அதில் இருந்தது. கதைப்புத்தகம்போல் ஆசையாகப் படித்தேன்.

மாலையில் ஏணியில் ஏறி, டார்ச் அடித்து, என்ஜின் தகட்டில் இருந்த எண்ணைப் படித்தேன். இடது பக்கத்து என்ஜினில் கடைசி இலக்கம் எட்டு. காகிதத்தில் மூன்று. மூன்று தடவை பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். விற்க வந்தவரின் முகம் சிவந்துவிட்டது. காகிதத்தில் இருப்பது ஒரு என்ஜின், விமானத்தில் இருப்பது வேறு என்ஜின் என்றால் இது ஓர் அங்குலம் நகராது என்றார் கேப்டன். தட்டச்சுப் பிழைதான் என்று தெரிந்து, சரியான சான்றிதழ் வந்துசேர இரண்டு வாரம் ஆனது. முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"இனிமே பிளேன் சமாச்சாரம் எல்லாம் நீயே பாத்துக்க, லா," என்றார்.

ஊருக்குக் கொண்டுவந்த சனிக்கிழமை நானும் கூடப் பறந்தேன். ஒரே பைலட் ஓட்டலாம் என்று அனுமதி உள்ள ரகம் அது. அதனால் கேப்டன் என்னைத் தன் பக்கத்து வலது இருக்கையில் உட்காரவைத்துச் செக்லிஸ்டை உரக்க வாசிக்கச் சொன்னார். நான் ஒவ்வொரு வரியாக வாசிக்க, ஆகாயப்படைக்காரர் ஒருவர் பதில் சொல்கிறார்! ஓடுபாதையில் கிளம்பியதும் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. விமானத்தின் மூக்கு மேலே எழும்பியது. எனக்குச் சிரிப்பு வந்தது, நிறுத்தவே முடியவில்லை. பின்னால் முதலாளியும் சிரித்துக்கொண்டிருந்தார்.

முந்தின ஞாயிற்றுக்கிழமையே அம்மாவிடம் சொல்லியிருந்தேன்: பதினோரு மணிக்குத் திடலில் நில்லுங்கள், சிவப்புச் சேலை ஒன்றைக் காட்டுங்கள். கேப்டன் கண்ட்ரோல் டவரில் அனுமதி கேட்டு, எஸ்டேட் பக்கம் தாழ இறங்கினார். கீழே செம்பனை, செம்பனை, செம்பனை. எல்லாம் ஒரே மாதிரி. திடீரென்று ஒரு சிவப்பு தெரிந்தது. அங்கேதான் என்று கத்தினேன். ஒரு வட்டம் அடித்தோம். கீழே நிறையப் பேர் கை ஆட்டினார்கள். கைக்குட்டையை ஆட்டி ஆட்டி எனக்குத் தோளே வலித்துப்போனது.

மறுநாள் வீட்டுக்குப் போனால் அம்மா இடுப்பில் கை வைத்து நின்றார்.

"லயத்து சனமே தெரண்டு வந்து வெயில்ல நின்னுச்சு. நீ எங்கடி போன?"

யோசித்துப் பார்த்தால், நான் பார்த்தது பக்கத்து ஊர் செலண்டாரில் ஏதோ லாரியின் சிவப்புத் தார்பாயாக இருக்க வேண்டும். அந்த ஊர்க்காரர்கள் பாவம், யாருக்கு என்றே தெரியாமல் கை ஆட்டியிருக்கிறார்கள். சொன்னதும் அம்மாவுக்கும் சிரிப்புத் தாங்கவில்லை.

அதன்பின் மலாக்காவின் பத்து பெரண்டாம் விமான நிலையம் எனக்கு இரண்டாவது ஆபீஸ். ஓடுபாதை குட்டை, சிறிய ஜெட்டுக்கு எடைதான் எல்லாம். எரிபொருள் எண்ணெய் நிறைய ஊற்றினால் ஆள் குறைய வேண்டும். ஆள் நிறைந்தால் எண்ணெய் குறைய வேண்டும். கறார்தான் என்றாலும் எனக்கு அந்தக் கணக்கு பிடித்துவிட்டது.

முதலாளியின் மைத்துனர் சபாவில் ஆசிரியர். அவர் கல்யாணத்துக்குக் குடும்பமே ஜெட்டில் போவதாக ஏற்பாடு. தூரம் அதிகம், எண்ணெயைக் குறைக்க முடியாது. நான் குளியலறைத் தராசு ஒன்றை வாங்கிப்போய் ஒவ்வொருவராக ஏற்றினேன். முதலாளியின் மாமியார், பட்டுச்சேலைக்கு எடை கிடையாது என்று வாதாடினார். அதிரசப் பானையையும் முறுக்கு டின்களையும் இறக்க விடவில்லை. கூட்டிப் பார்த்தால் சரியாக ஓர் ஆள் அதிகம். கேப்டன் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். செக்லிஸ்ட் வாசிக்கிற என்னையும் விட்டுவிட்டுப் போகமாட்டாராம்.

எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள். எல்லோரிலும் கனமானவர் யார் என்று என் தாளில் இருந்தது. சொல்லத் தயங்கினேன். முதலாளியே எட்டிப் பார்த்தார்.

"நாந்தானா?"

"ஆமா பாஸ்."

வயிற்றைத் தடவிக்கொண்டார். பிறகு டாக்சி பிடித்து சுபாங் ஏர்போர்ட்டுக்குப் போய், சாதாரண பிளேனில் வருவதாகச் சொன்னார். மாமியார் பானையோடு முதல் ஆளாக ஏறிக்கொண்டார். நான் வலது இருக்கையில் உட்கார்ந்து செக்லிஸ்டைத் திறந்தேன். கண்ணாடி வழியே பார்த்தால், அவர் வேலியோரம் நின்று, வயிறு குலுங்கச் சிரித்தபடி, தன் சொந்த ஜெட்டுக்கு இரண்டு கையாலும் டாட்டா காட்டிக்கொண்டிருந்தார்.