தண்ணீருக்குள் போன நான்கு முடிச்சுகள்

என் மேசை லாச்சிக்குள் ஒரு துண்டு நூல் கிடக்கிறது. வலை பின்னுகிற நூல்; ஒரு சாண் நீளம்கூட இல்லை. அதில் நான்கு முடிச்சுகள் இருக்கின்றன. ஒரு முடிச்சு என்றால் ஒரு மணித்தியால நடை. நான் ஒருநாளும் காணாத, பிரான்சு தேசத்து மலையொன்றின் நடை அது.

அந்த நூல் எங்கள் குடியேற்றத் திட்டத்துக் கோயிலின் பங்குச் சுவாமியாருடையது. கப்பலில் வந்து இறங்கி இருபத்தாறு வருடமாகியும் அவர் ஒருமுறைகூட ஊர் திரும்பியிருக்கவில்லை. பூநகரி, முல்லைத்தீவு என்று கரையெல்லாம் சைக்கிளில் அலைந்துவிட்டு, கடைசியில் எங்கள் வயல்களுக்கு நடுவே தகரம் வேய்ந்த சிறிய கோயிலுக்கு வந்து சேர்ந்தார். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாகச் சேர்ந்த வருடம் அவருக்கு ஆறு மாத விடுமுறை கிடைத்தது. பிறந்த கிராமத்திலிருந்து புறப்பட்டு, ஏழு ஏரிகளைக் கடந்து, மலையுச்சிக்குக் கீழே இருக்கும் கடைசி ஏரிவரை ஒருமுறை நடந்துவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. செத்துப்போன தம்பியோடு அவர் கடைசியாக நடந்த வழி அது. ஆனால் கண்களில் வெண்படலம் விழுந்திருந்தது. வரைபடத்தில் நீலம் எது, பச்சை எது என்பதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. வாசித்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது.

அந்த ஆள் நான். எங்கள் குடும்பத்தில் பேனை பிடித்த முதல் ஆளும் நான்தான். என் தந்தையை நாங்கள் ஐயா என்று கூப்பிடுவோம். குளக்கட்டை உயர்த்துகிற வேலைக்குக் கூலியாக யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, மூன்று வருடம் மண் சுமந்து, அந்தக் குளத்துத் தண்ணீரிலேயே வயற்காணி பெற்றவர். கந்தோர்க் கடுதாசிகளில் கையெழுத்துக்குப் பெருவிரலைத்தான் வைப்பார். நான் எஸ்.எஸ்.சி. சித்தியடைந்த அன்று, "இந்தக் கட்டில என்ர முதுகு கிடக்கு. அதிலதான் நீ ஏறி நிக்கிறாய்," என்றார். நான் தலை நிமிர்ந்து நடந்தேன். கொஞ்சம் கூடுதலாகவே நிமிர்ந்திருந்தேன் என்று இப்போது தெரிகிறது.

பள்ளிக்கூடம் விட்டதும் சுவாமியாரின் விறாந்தையில் வரைபடத்தை விரிப்போம். சோளகக் காற்று அள்ளிக்கொண்டு போகாமல் நான்கு மூலையிலும் செபப் புத்தகங்களை வைப்போம். துணியில் ஒட்டிய, மடிப்புகள் இற்றுப்போன பழைய வரைபடம். அதில் எறும்பு ஊர்ந்த தடம் போலக் கோடு கோடாக இருந்தது. "ஒரு கோட்டைக் கடந்தால் ஒரு தென்னை ஏறின கணக்கு, பிள்ளை," என்றார் சுவாமியார். வன்னித் தமிழை அவர் எங்களைப் போலவே பேசுவார். 'ழ' மட்டும் இருபத்தாறு வருடமாகியும் வசப்படவில்லை. இரண்டாம் கிழமையே கோடுகளைப் படிக்கப் பழகிவிட்டேன். நூலை வழியின் வளைவுகளில் படியவைத்து, சமதரைக்கு ஒரு கணக்கு, ஏற்றத்துக்கு ஒரு கணக்கு என்று முடிச்சுப் போட்டேன்.

"முதல் நாளே முப்பது தென்னை வருகுது, சுவாமி. உங்களுக்கு அறுபத்திநாலு வயசு. இரண்டு நாளாக்குவம்."

"மலைக்கு என்ர வயசை ஆர் சொல்லப் போகினம்? நீ சொல்லாமல் இரு."

ஆனாலும் என் சொல்லைக் கேட்டார். மூன்று நாள் நடையை ஐந்து நாளாக்கினோம். மொத்தம் இருபத்துமூன்று முடிச்சுகள். எந்த ஏரிக்கரையில் தங்குவது, எந்த இடத்தை மத்தியானத்துக்கு முன் கடந்துவிட வேண்டும், பனி உருகாமல் கிடந்தால் எந்த வழியால் திரும்புவது என்பதெல்லாம் ஒரு கொப்பியில் என் கையெழுத்தில் ஏறியது.

ஒருநாள் நான் கேட்டேன்: "இந்தக் குளத்துக்குக் கட்டு எந்தப் பக்கம் சுவாமி? கட்டால நடந்தால் ஏற்றம் இல்லையே." அவர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். கட்டும் இல்லை, தண்ணீர் திறக்கும் துருசும் இல்லை, தண்ணீர் பாய வயலும் இல்லை என்றார். என்னால் நம்ப முடியவில்லை.

"அப்ப அந்தத் தண்ணி ஆருக்கு?"

"ஒருத்தருக்கும் இல்லை. பார்க்கிறதுக்கு."

வீட்டில் போய்ச் சொன்னேன். ஐயா சாப்பிட்ட கையோடு நிமிர்ந்து பார்த்தார். "பார்க்கிறதுக்கு ஒரு குளமோ! அந்தாளைக் கெதியா ஊருக்கு அனுப்புங்கோ, வெயில் பிடிச்சிட்டுது."

சுவாமியார் பயிற்சியும் தொடங்கினார். சப்பாத்துப் போட்டு, அரைப் புசல் நெல்லை முதுகில் கட்டி, காலையில் குளக்கட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடப்பார். குளிக்க வந்த பெண்கள், "சுவாமி, நெல்லு என்ன விலை?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். "வாங்கிறவைக்கு மலையும் இலவசம்," என்பார்.

முதலிரவு தங்குவதற்கும், ஞானஸ்நானம் பெற்ற கோயிலின் பீடத்தில் ஒரு பூசை வைப்பதற்கும் இடம் கேட்டு அவருடைய கிராமத்துப் பங்குக் குருவுக்குக் கடிதம் எழுதினோம். ஊரில் அவருக்கு எழுத யாரும் மிஞ்சியிருக்கவில்லை. ஒரேயொரு தமக்கையும் உலக யுத்த காலத்திலேயே இறந்துவிட்டார். அந்தக் குருவுக்கு ஆங்கிலம் தெரிந்திருக்கும் என்று நம்பி, ஆங்கிலத்திலேயே நான் எழுதினேன். கடல் கடந்து போன என் முதல் கடிதம்.

இரண்டு மாதத்தில் ஆங்கிலத்திலேயே பதில் வந்தது. அவருடைய கடிதங்களை எல்லாம் நான்தான் உடைத்து வாசிப்பேன். அன்றும் உடைத்தேன். உள்ளே ஒரு படத் தபாலட்டையும் இருந்தது: இரண்டு மலைகளுக்கு நடுவே வெள்ளைச் சுவர் போல ஒரு பெரிய அணை. கடிதத்தின் முதல் வரியை வாசித்தேன். மறுபடியும் வாசித்தேன்.

அந்தக் கிராமம் இப்போது இல்லை. அணை கட்டி நான்கு வருடமாகிறது. தண்ணீர் நிரம்புமுன் கோயிலை வெடி வைத்துத் தகர்த்தார்கள். சேமக்காலைக் கல்லறைகளைத் தோண்டி எலும்புகளை மேலே கொண்டுபோனார்கள். முதல் இரண்டு ஏரிகளும் பெரிய தண்ணீருக்குள் போய்விட்டன. நான் எழுதிய விலாசத்துக்குக் கடிதம் போக முடியாமல், மேலே கட்டிய புதிய கிராமத்துக் குருவின் கைக்குப் போயிருக்கிறது.

சுவாமியார் கதிரையில் முகத்தை உயர்த்தியபடி காத்திருந்தார். "என்ன எழுதியிருக்கினம்?"

"எழுத்து விளங்கேல்லை, சுவாமி. என்னால வாசிக்க ஏலாமல் கிடக்கு."

எனக்கு வாசிக்க ஏலாது என்று நான் சொன்னது என் வாழ்நாளில் அன்று ஒருமுறைதான்.

"உனக்கே ஏலாதெண்டால் அது மனிசர் எழுதினதில்லை," என்று மட்டும் சொன்னார்.

ஐயா வாய்க்காலோரம் வரம்பு கட்டிக்கொண்டிருந்தார். படத்தை நீட்டினேன். சேற்றுக் கையை வேட்டியில் துடைத்து வாங்கினார். "அம்மாடி! என்ன கட்டு! எத்தினை பேர் வேலை செய்திருப்பாங்கள்?" அவருடைய முகத்தில் ஒரு தொழிலாளியின் பெருமை தெரிந்தது. வயலுக்கு அல்ல, பட்டணங்களில் மின்சார விளக்கு எரிக்கவே அந்தத் தண்ணீர் என்றேன். பிறகு அடியில் இருக்கும் கிராமத்தைச் சொன்னேன். சுவாமியாரிடம் நான் சொன்ன பொய்யையும் சொன்னேன்.

ஐயா வரம்பில் குந்திவிட்டார். பிறகு, "எங்கட குளத்துக்குள்ளயும் ஒன்பது வீடு கிடக்கு மோனை," என்றார்.

நான் அவரைப் பார்த்தேன். நீந்தப் பழகிய குளம். என் பள்ளிக்கூடக் கட்டணம், புத்தகம், சட்டை எல்லாம் அந்தத் தண்ணீரில் விளைந்த நெல்.

"கட்டை உயர்த்தினால் தண்ணி பின்னுக்கு ஏறும்தானே. காட்டோரம் பழைய சனம் இருந்தது. அவை நெல்லுச் சூடு மிதிக்கிற களத்திலதான் நாங்கள் கட்டுக்கு மண் வெட்டினனாங்கள். எழும்பச் சொன்னாங்கள், எழும்பிப் போச்சினம். எங்க போனவை எண்டு நாங்கள் கேக்கேல்லை. ஒரு மனிசி மட்டும் புளியங்குளத்தில பிள்ளைப்பேற்றுக்குப் போய் நிண்டவ. தண்ணி ஏறினாப்பிறகு, இடுப்பில பிள்ளையோட வந்து கட்டில நிண்டு என்னைக் கேட்டவ: 'அண்ணை, என்ர வீடு எந்தப் பக்கம்?' எனக்குத் தெரியும். அவவின்ர கிணத்துத் தண்ணிதான் குடிச்சனான். தெரியாதெண்டு சொன்னனான்."

மண்வெட்டியை எடுத்தவர், குனியாமல் நின்றார். "நாளைக்குப் போய் அந்த மனிசனுக்குச் சொல்லு. இல்லாட்டி அவரும் அங்க போய்த் தண்ணிக் கரையில நிண்டு ஆரையும் கேப்பார்."

மறுநாள் காலை, கடிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசித்தேன். சுவாமியாரின் காலில் சப்பாத்துகள் இருந்தன; குளக்கட்டில் நடந்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார்.

"நேற்று நீ வாசிச்சனி எண்டு தெரியும்," என்றார். "கேட்க எனக்கும் விருப்பம் வரேல்லை."

பிறகு கோயில் மணியைப் பற்றிக் கேட்டார். புதிய கோயிலில் தொங்குகிறது என்று கடிதத்தில் இருந்ததை மறுபடி வாசித்தேன். கையை நீட்டி நூலைக் கேட்டார். விரல்களால் முடிச்சுகளைத் தடவிக்கொண்டே, "எத்தினை போச்சு?" என்றார்.

வரைபடத்தில் நூலைப் படியவைத்தேன். கிராமத்திலிருந்து இரண்டாம் ஏரி தாண்டும்வரை. "நாலு, சுவாமி."

"வெட்டு."

வெட்டினேன். பத்தொன்பது முடிச்சுகளைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு அடுத்த மாதம் கப்பலேறினார். கடைசி ஏரிவரை நடந்ததாக ஒரு தபாலட்டை வந்தது. யாரோ எழுதிக் கொடுத்த ஆங்கிலம். கண்ணுக்கு வைத்தியம் செய்யவென்று அவருடைய துறவற சபையார் அவரை அங்கேயே நிறுத்திவிட்டார்கள். எங்கள் கோயிலுக்கு வேறு சுவாமியார் வந்தார். வெட்டியபோது மேசையில் விழுந்த நான்கு முடிச்சுகளையும் போனவர் கேட்கவுமில்லை, நான் கொடுக்கவுமில்லை.

போன வருடம் மழை பொய்த்துக் குளம் வற்றியது. ஒரு பின்னேரம் ஐயா சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு, "வா மோனை," என்றார். நூலை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். ஓர் அடையாளமும் இல்லாத வெடித்த சேற்றில், பக்கம் பார்க்காமல் நேராக நடந்தார். அரை மைல் போனதும் நின்றார். காலடியில், சேறு மூடிய கல் வட்டம் ஒன்று. கிணற்றுக் கட்டு.

ஐயா என்னைப் பார்க்கவில்லை. தூரத்தில் தெரிந்த குளக்கட்டைப் பார்த்தபடி, யாரோ சற்று முன் கேட்டதற்குப் பதில் சொல்வது போல மெல்லச் சொன்னார்:

"இந்தப் பக்கம்தான், தங்கச்சி."

குளக்கட்டில் ஒருவரும் இருக்கவில்லை. நூல் என் கைக்குள் இருந்தது. அங்கே அதைக்கொண்டு எதை அளப்பது என்று எனக்குத் தெரியவில்லை. திரும்பி வந்து லாச்சிக்குள் வைத்தேன்.