மூலை கறுத்த உறை

என்னிடம் ஒரு விமானத் தபால் உறை இருக்கிறது. அதன் நான்கு மூலைகளும் கறுப்பு. எண்பதுகளில் ஒரு காலை, மாரண்டஹள்ளியில் எங்கள் வாசலுக்கு அது வந்தபோது எனக்குப் பத்து வயது. அப்பா பாலக்கோடு சந்தைக்குத் தக்காளிக் கூடைகளை டிராக்டரில் ஏற்றிக்கொண்டிருந்தார். தபால்காரர் உறையை விரல் நுனியில் பிடித்தபடி, "அண்ணா, கொஞ்சம் இங்க வாங்க" என்றார். எங்கள் பக்கம் சாவுச் செய்திக் கடிதத்தின் மூலையில்தான் கறுப்பு தடவுவார்கள். அதை வாசலிலேயே படித்துக் கிழித்துவிட வேண்டும், வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது.

வெளிநாட்டிலிருந்து எங்களுக்குக் கடிதம் என்றால் அது ஜெர்மனியில் நர்சாக இருந்த அத்தையைப் பற்றியதாகத்தான் இருக்கும். லீவில் தனியாக ஐஸ்லாந்து போகிறேன், மலையே நெருப்புக் கக்கும் தீவு என்று இரண்டு மாதம் முன்பு எழுதியிருந்தார். அப்பாவுக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. பொம்பளை தனியாக ஊர் சுற்றுவதா என்று கொதித்து, "அங்க செத்தாலும் எனக்குச் சொல்லாத" என்று பதில் போட்டிருந்தார். இப்போது அந்த உறையைக் கையில் வைத்துக்கொண்டு, பிரிக்கத் தைரியமில்லாமல், "நான் சொன்னதுதான் பலிச்சிடுச்சு" என்று கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டார். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. அக்கம்பக்கத்தில் அழுகையே தொடங்கிவிட்டது.

கழுத்துச் செபமாலையைப் பிடித்தபடி நின்றிருந்த அம்மாதான் உறையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இது உங்க தங்கச்சி கையெழுத்துங்க. செத்தவ எப்படி மேல்விலாசம் எழுதுவா?"

பிரித்ததும் கறுப்பு மணல் கொட்டியது. அந்த ஊர்க் கடற்கரையே இப்படித்தான் என்று, ஈரம் காயாத ஒரு பிடியை உள்ளே போட்டு ஒட்டியிருக்கிறார். அது வழியெல்லாம் மூலைகளில் உரசிக் கறையாகியிருந்தது. தரையிலிருந்து ஆவி வருவதை, தகரக் கூரைகளுக்குச் சிவப்பும் பச்சையும் பூசிய தலைநகரத்தை, அதை ஒரே மதியத்தில் நடந்தே பார்த்து முடித்ததை எல்லாம் எழுதியிருந்தார். கடைசி வரியை அப்பா உரக்கப் படித்தார்: "செத்தாலும் சொல்லாதன்னு எழுதியிருந்தீங்க. அதான் அண்ணா, உயிரோட இருக்கறத மட்டும் சொல்றேன்." படித்துவிட்டு ஓவென்று அழுதார். அன்றைக்கே பதில் எழுதி, அதன் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினார். போகிற ஊரிலிருந்தெல்லாம் எழுது என்பதைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை.

போன மாதம் அத்தை இறந்த செய்தி என் கைப்பேசிக்கு வந்தது. அடுப்படியில் பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டே படித்துவிட்டேன். பிறகு பெட்டியிலிருந்து அந்த உறையை எடுத்தேன். மூலைகள் இன்னும் கறுப்பாகவே இருக்கின்றன. நடுவில் அத்தையின் கையெழுத்து. அன்றைக்கு அம்மா கேட்டதை இப்போதும் யாராவது வந்து கேட்க மாட்டார்களா என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.