நான்கு மணி நேரச் செருப்பு

வலது காலில் கறுப்பு ஷூ, இடது காலில் சாம்பல் நிறச் செருப்பு. அப்படித்தான் அவள் கல்லாவில் நின்று பில் போட்டுக்கொண்டிருக்கிறாள். மேசை மறைப்பதால் வாங்க வருகிறவர்களுக்கு அவளுடைய இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியாது. எப்போதாவது சில்லறையைத் தவறவிட்டு, குனிந்து எடுக்கும்போது பார்த்துவிடுகிறவர், பாவம், அவசரத்தில் மாற்றிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள் என்று நினைத்துக் குரலைத் தாழ்த்திச் சொல்வார். "தெரியும் சார். வேணும்னுதான் போட்டிருக்கேன்" என்பாள். அதற்கு மேல் விளக்கம் கிடையாது. வரிசை காத்திருக்கிறது.

ஒரே நாளில், ஒரே தரையில், ஒரே உடம்பை இரண்டு கம்பெனிச் செருப்புகளின் மேல் ஏற்றிப் பார்த்தால்தான் எது தாங்கும், எது கைவிடும் என்று தெரியும் என்பது அவள் கட்சி. "இன்னிக்கு ஒண்ணு நாளைக்கு ஒண்ணுன்னு போட்டுப் பாத்தா நேத்து வலிச்சது மறந்துபோயிடும். மனசுக்கு அந்தக் கெட்ட பழக்கம் உண்டு."

அந்தப் பல்பொருள் அங்காடியில் அவளுக்கு 'ஒத்தைக்கால் அக்கா' என்று பெயர். ஒரு காரணம் காலிலேயே இருக்கிறது. இன்னொன்று, எதையாவது பிடித்துக்கொண்டால் ஒற்றைக்காலில் நிற்கும் குணம். கல்லாவில் நிற்பவர்களுக்குக் காலடியில் ரப்பர் விரிப்பு வேண்டும் என்று கேட்டு, மேலாளரை உண்டு இல்லை என்று பண்ணி வாங்கியவள் அவள்தான். விரிப்பு வந்ததும் நன்றிகூடச் சொல்லாமல், ஏறி நின்று பார்த்து, "இன்னும் கொஞ்சம் தடியா இருந்திருக்கலாம்" என்றாள்.

சில வருடங்களுக்கு முன்னால் குதிகால் வலி தாங்காமல் ஒரு மருத்துவரிடம் போனாள். அவர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, "ரொம்ப நேரம் நிக்காதீங்க" என்றார். அதை இன்றுவரை யாரிடம் சொன்னாலும் சிரித்துவிட்டுத்தான் சொல்வாள். "நிக்காம இருந்தா சம்பளத்தை அவரா குடுப்பாரு?" அதன் பிறகுதான் செருப்பு செருப்பாக வாங்கி, போட்டுப் பார்த்து, தெரிந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். அக்காவுடன் அதே வீட்டில் இருக்கும் தங்கை அப்போது ஒரு ஜெராக்ஸ் கடையில் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாள். அக்கா சொன்னதைத் தட்டச்சு செய்து ஒரு வலைப்பூவில் போட்டவள் அவள்தான். அதற்கு 'நிற்கிறவர்களுக்கு' என்று பெயர் வைத்ததும் அவளே.

அங்கே அலங்காரம் எதுவும் இருக்காது. 'இரண்டாம் மணி: ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் மணி: பெருவிரலுக்கு இடம் போதும். ஆறாம் மணி: குதிகாலில் நெருப்பு. வாங்காதீர்கள்.' இப்படித்தான் ஒவ்வொரு பதிவும். முடி திருத்துகிறவர்கள், ஆசிரியைகள், காவலாளிகள், பரிமாறுகிறவர்கள், மருத்துவமனையில் தரை துடைக்கும் பெண்கள் எல்லாரும் படித்தார்கள். சிலர் தங்கள் பாதத்தைப் படமெடுத்து அனுப்பினார்கள். முகம் தெரியாத அத்தனை பேரையும் அவள் பாதத்தை வைத்தே ஞாபகம் வைத்திருந்தாள்.

வீட்டில் கட்டிலுக்கு அடியில் செருப்பு, பீரோ மேல் செருப்பு, ஜன்னல் விளிம்பில் வெயில் காயும் செருப்பு. அவளுடைய கணவன் கிரேன் ஓட்டுகிறவன். கட்டடங்களுக்கு மேலே ஒரு கண்ணாடிக் கூண்டில் நாளெல்லாம் உட்கார்ந்திருப்பவன். "நான் உக்காந்து சம்பாதிக்கிறேன், இவ நின்னு சம்பாதிக்கிறா. படுத்துச் சம்பாதிக்க ஒரு ஆள் கிடைச்சா குடும்பம் கரை சேந்துடும்" என்பான். எந்தச் செருப்பைப் பற்றிக் கருத்துக் கேட்டாலும், "என்னைக் கேக்காதே, நான் தரையிலயே இல்லை" என்று நழுவிவிடுவான்.

வலைப்பூவில் பணம் வரும் என்று கண்டுபிடித்தது தங்கை. முதலில் பக்கத்தின் ஓரத்தில் விளம்பரங்கள் வந்தன. இரண்டு வாரத்தில், கால் வலியைப் போக்கும் மந்திர மோதிரம் ஒன்று அங்கே மின்னத் தொடங்கியது. அக்கா அதைப் பார்த்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்துவிட்டாள். மோதிரம் போயிற்று, அதோடு வருமானமும் போயிற்று. அடுத்தது கமிஷன்: பதிவில் இருக்கும் இணைப்பைத் தட்டி யாராவது செருப்பு வாங்கினால் ஒரு சிறு பங்கு வரும். ஆனால் பாதிப் பதிவுகள் 'வாங்காதீர்கள்' என்று முடிவதால் அதுவும் கசிந்து கசிந்துதான் வந்தது.

"இன்னொரு வழி இருக்குக்கா. பிளாக்ல எப்படி சம்பாதிக்கிறதுன்னு சொல்லிக்குடுக்கிற பாடம். இப்ப நிறைய பேர் அப்படித்தான் சம்பாதிக்கிறாங்க."

"நாமளே இன்னும் சம்பாதிக்கலையேடி."

"அதனால என்ன? அவங்களும்தான் சம்பாதிக்கலை."

"அப்ப செருப்பே வேண்டாமா அதுக்கு?" என்று கேட்டாள் அக்கா. அந்தப் பேச்சு அத்தோடு நின்றது.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில் அங்காடியில் வாடிக்கையாளர்களே பில் போட்டுக்கொள்ளும் இயந்திரங்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். யாரையும் வேலையை விட்டு நீக்கவில்லை. எல்லாருக்கும் வேலை நேரத்தைப் பாதியாக்கினார்கள், சம்பளமும் பாதியானது. எட்டு மணி நேரம் நின்றவள் நான்கு மணி நேரம் நின்றுவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல், மத்தியானமே வீட்டுக்கு வந்தாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு செருப்புக் கம்பெனியிலிருந்து தங்கைக்குத் தகவல் வந்தது. ஒரு வருட ஏற்பாடு. மாதம் ஒரு கட்டுரை, பக்கத்தின் தலைப்பில் அவர்கள் பெயர், அதற்கு மாதாமாதம் பணம். பறிபோன பாதிச் சம்பளத்தை ஈடுகட்டியும் மிஞ்சும். முதல் கட்டுரை அவர்களுடைய புதுச் செருப்பைப் பற்றி. தங்கை அக்காவிடம் சொல்வதற்கு முன்பே சரி என்று பதில் எழுதினாள். ஜெராக்ஸ் கடை முதலாளியிடம் போய் வேலையையும் விட்டுவிட்டாள். இனி வலைப்பூதான் முழுநேர வேலை என்று கணக்கு. இதை அவள் அக்காவிடம் சொல்லவில்லை. முதல் பணம் வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தாள்.

செருப்பு வந்தது. பழுப்பு நிறம், லேசான எடை, மெத்து மெத்தென்ற அடிப்பாகம். இந்த முறை அக்கா ஒரு காலுக்கு ஒன்று என்று போடவில்லை. இரண்டிலும் அதையே போட்டுக்கொண்டு போனாள். நான்கு மணி நேரம் முடிந்து வந்தபோது முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. "சூப்பர்டி. காலே இல்லாத மாதிரி இருக்கு."

"அப்ப எழுதிடலாமா?"

"இரு. இன்னும் நாலு மணி நேரம் இருக்கே."

வேலைதான் பாதியாகிவிட்டது, மீதிப் பாதிக்கு அவள் வீட்டிலேயே நின்றாள். அடுப்படியில் நின்றாள். இஸ்திரி போடத் துணி தேடி, கிடைத்ததும் நின்று போட்டாள். துணி தீர்ந்ததும், போட்டதையே கலைத்து மறுபடியும் போட்டாள். வேலையிலிருந்து வந்த கணவன் பார்த்துவிட்டு, "உக்காரும்மா, என்ன வேண்டுதலா இது?" என்றான். ஐந்தாவது மணியிலேயே குதிகால் எரிய ஆரம்பித்திருந்தது. அவள் சொல்லவில்லை.

மறுநாள் தடித்த காலுறை போட்டுப் பார்த்தாள். அதற்கு மறுநாள் உள்ளே ஒரு ஸ்பாஞ்சுத் துண்டை வெட்டி வைத்தாள். எந்தச் செருப்புக்கும் அவள் இவ்வளவு சலுகை காட்டியதில்லை. எப்படியாவது நல்ல செருப்பாக இருந்துவிடேன் என்று அதனிடம் மனசுக்குள் கெஞ்சினாள். ஆனால் ஐந்தாவது மணி வந்ததும் குதிகால் பற்றிக்கொண்டது. மூன்றாம் நாள், இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள்.

தங்கை அதற்குள் கட்டுரையை எழுதி முடித்திருந்தாள். 'நாள் முழுவதும் நிற்கலாம்' என்று இருந்தது.

"இதை எடுத்துடு. நாலு மணி நேரம்னு போடு."

"நாள் முழுக்கன்னு போடணும்னு அவங்க சொல்லியிருக்காங்கக்கா. இப்ப நீயே நாலு மணி நேரம்தான் நிக்கிற. உனக்கு நாள்னா அவ்வளவுதானே? பொய் எங்க இருக்கு இதுல?"

அக்காவுக்கு அந்த வாதத்தில் ஓட்டை இல்லைபோலத்தான் தோன்றியது. கடைசியில், "ஆஸ்பத்திரியில தரை துடைக்கிற அந்தம்மா வாங்கிடும்டி" என்றாள். "எட்டு மணி நேரம் நிக்கும் அது. நான் சொன்னேன்னு வாங்கிடும்."

"நான் வேலையை விட்டுட்டேன்."

"என்னது?"

"போன வாரமே விட்டுட்டேன். இதை நம்பித்தான்."

கணவன் தட்டோடு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டான். மறுநாள் அக்கா கம்பெனிக்குத் தானே போன் பண்ணினாள். விளம்பரப் பிரிவில் இருந்த இளைஞன் மரியாதை தெரிந்தவன்.

"மேடம், 'நாள் முழுவதும்'னு ஒரே ஒரு வார்த்தை. அவ்வளவுதான்."

"அது ரெண்டு வார்த்தை தம்பி. நாலு மணி நேரத்துக்கு ரொம்ப நல்ல செருப்பு. சத்தியமா சொல்றேன், இவ்வளவு நல்ல செருப்பு போட்டதில்லை. எட்டுக்குத் தாங்காது. ஒண்ணு பண்ணுங்க, பாதிக் காசு குடுங்க. நான் பாதி நாளுக்கு நல்லதுன்னு எழுதறேன்."

அவன் சிரித்துவிட்டான். மேலே கேட்டுச் சொல்வதாகச் சொன்னான். மேலே கேட்டதும் மேலே சொன்னதும் ஒரே நாளில் முடிந்தது. எதிர்காலத்துக்கு வாழ்த்துச் சொல்லி மிக அழகாக ஒரு பதில் வந்தது.

அன்றோடு தங்கை பேச்சை நிறுத்திவிட்டாள். ஜெராக்ஸ் கடையில் அவள் நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்தாயிற்று. ஒரே அறையில் இருந்துகொண்டே, "மாமா, சாப்பாடு ஆறுதுன்னு சொல்லுங்க" என்பாள். அக்காவும், "பசிக்கலைன்னு சொல்லுங்க" என்பாள். "மேல இருந்தாலும் வாக்கி டாக்கி, கீழ இறங்கினாலும் வாக்கி டாக்கி" என்று கணவன் அலுத்துக்கொண்டான்.

அக்கா ஒற்றை விரலால் தானே தட்டச்சு செய்து அந்தப் பதிவைப் போட்டாள். 'நான்கு மணி நேரத்துக்கு இதைவிட நல்ல செருப்பு இல்லை. ஐந்தாவது மணிக்கு இதைவிட மோசமான செருப்பும் இல்லை.' வரிக்கு வரி எழுத்துப் பிழை. மறுநாள் காலையில் பார்த்தால் பிழைகள் ஒன்றுகூட இல்லை. யார் திருத்தியது என்று அவள் கேட்கவில்லை. தங்கையும் சொல்லவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு பதிவுக்கும் அப்படியே நடந்தது.

அவர்கள் இருவரும் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. பாதி நேரம் நிற்கிறவர்கள் ஊரில் நிறையப் பேர் இருந்தார்கள். இவள் கடையில் செய்ததைத்தான் மற்றக் கடைகளும் செய்திருந்தன. அவர்கள் இணைப்பைத் தட்டித் தட்டி அந்தச் செருப்பை வாங்கினார்கள். வந்த கமிஷன் குடும்பத்தைத் தூக்கி நிறுத்துகிற அளவுக்கு இல்லை. மின்கட்டணத்துக்கும் வலைப்பூவுக்கு ஆகும் செலவுக்கும் போதுமானதாக இருந்தது. அந்தக் கம்பெனிக்காரர்கள் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

தங்கைக்கு ஒரு மருந்துக்கடையில் வேலை கிடைத்தது. முழு நாளும் நிற்கிற வேலை. முன்பக்கம் கூராக, பளபளப்பாக ஒரு ஷூ வாங்கிப் போட்டுக்கொண்டு போனாள். முதல் வாரமே நடை மாறிவிட்டது. குதிகாலைத் தரையில் முழுதாக ஊன்றாமல் வெளி ஓரத்தால் நடந்தாள். ஊருக்கெல்லாம் சொல்கிற அக்கா, இதைப் பார்த்துவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

ஒருநாள் வலைப்பூவுக்கு ஒரு கேள்வி வந்தது. 'மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். குதிகாலில் ஆணி அறைந்ததுபோல் இருக்கிறது. விலை குறைவாகவும், பார்க்க அசிங்கமாக இல்லாமலும் ஒரு செருப்பு சொல்லவும். இப்படிக்கு, ஒரு வாசகி.' அக்கா இரண்டு முறை படித்தாள். பார்க்க அசிங்கமாக இருக்கக்கூடாது என்று இதுவரை எந்த வாசகியும் கேட்டதில்லை.

பதிலை அவள் எல்லாருக்கும் எழுதுவதுபோலவே எழுதினாள். 'அன்புள்ள வாசகிக்கு, அளவு தெரியாமல் சொல்ல முடியாது. வேலை முடிந்து வந்ததும் ஒரு வெள்ளைத்தாளைத் தரையில் வைத்து அதன் மேல் நில்லுங்கள். காலையில் வேண்டாம், அப்போது பாதம் சின்னதாக இருக்கும். நீங்களே குனிந்து வரைந்தால் உடம்பின் பாரம் மாறிவிடும். வீட்டில் யாரையாவது வரையச் சொல்லுங்கள்.'

மறுநாள் சாயங்காலம் தங்கை வந்தாள். வாசலில் ஷூவைக் கழற்றினாள். உள்ளே வந்து, ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக் கூடத்து நடுவில் போட்டு அதன் மேல் ஏறி நின்றாள். கணவன், தன்னைத்தான் வரையச் சொல்கிறாளோ என்று எழுந்திருக்கப் பார்த்து, பிறகு என்ன தோன்றியதோ, மறுபடி உட்கார்ந்துவிட்டான்.

அக்கா பென்சிலோடு வந்து முழங்காலிட்டாள். குதிகாலின் ஓரத்தில் தோல் வெடித்துச் சிவந்திருந்தது.

"சமமா நில்லு. ரெண்டு கால்லயும் பாரம் இருக்கட்டும்."

தங்கை சமமாக நின்றாள். பென்சில் சுண்டுவிரலில் ஆரம்பித்து, குதிகாலைச் சுற்றி, உள்ளங்காலின் வளைவுக்குள் நுழைந்ததும் கூச்சம் தாங்காமல் பாதம் துள்ளியது. "ஆடாதடி" என்றாள் அக்கா. தங்கை ஆடாமலிருக்கக் குனிந்து அக்காவின் தலையைப் பிடித்துக்கொண்டாள். கோடு வந்து முடிந்த பிறகும் கையை எடுக்கவில்லை.