மணமகள் பாடாத பாட்டு

பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் மேடையேற்றிய இசை நாடகத்துக்கு நான்தான் இசை. அதன் உச்சக்கட்டப் பாட்டைப் பாடியவர் குழுவில் எனக்கு மூத்த ஓர் அக்கா; வேலை முடிந்து பண்டமாரானிலிருந்து ரயிலேறி ஒத்திகைக்கு வருவார். பிறகு ஓர் இசை நிறுவனத்தார், அதே பாட்டைத் தனியாக வெளியிடலாம், ஆனால் பெயர் பெற்ற பாடகி பாடினால்தான் எடுபடும் என்றார்கள். துள்ளிக் குதித்துத் தலையாட்டிவிட்டேன். அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. இப்போதெல்லாம் கல்யாண டின்னரில் மணமக்கள் நுழைவதே அந்தப் பாட்டோடுதான்.

போன வாரம் கிள்ளானில் அக்காவின் கல்யாண டின்னர். கதவு திறக்கும்போதே அந்தப் பாடகியின் குரல். டீஜேயிடம் ஓடினேன்.

“அண்ணே, வேற பாட்டு போடுங்க, ப்ளீஸ்!”

“என்ன பாஸ், பொண்ணு நாடகத்துல பாடுன பாட்டாமே? மாப்பிள்ளையோட சர்ப்ரைஸ் லா. நிறுத்துனா என்னைத்தான் ஏசுவாங்க.”

மாப்பிள்ளை, அக்கா பூரித்துப்போவார் என்று நினைத்திருக்கிறார். மண்டபமே கைதட்டிக் கூடவே பாடியது. மாப்பிள்ளையின் கையைப் பிடித்தபடி எங்களைக் கடந்தபோது, அக்கா எல்லாரையும் பார்த்துச் சிரித்ததுபோலவே என்னைப் பார்த்தும் சிரித்தார். ஒரு வரிக்குக்கூட அவர் உதடு அசையவில்லை.