முப்பத்தேழு போன்களின் வாயை அடைத்த நாள்

இரண்டாயிரத்து ஒன்பது வாக்கில், தீபாவளி சீசன் சூடுபிடித்திருந்த சமயம். சிவகாசிக்கு வெளியே ஒரு பட்டாசுக் கம்பெனியில் கடிதப் போக்குவரத்து பார்க்கும் வேலையில் சேர்ந்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. இன்னும் செய்யவே ஆரம்பிக்காத சரக்கு லாரியில் வந்துகொண்டிருப்பதாக வடநாட்டு வியாபாரிகளுக்கு நயமாக எழுதுவதுதான் என் உத்தியோகம். ஒரு வகையில் புனைகதை. ஓய்வு கிடைத்தால் அடுத்தவர் எழுதிய புனைகதையைப் படிப்பேன். அதற்குத்தான் இடைஞ்சல் வந்தது.

என் அறை கேட்டை ஒட்டி இருந்தது. நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் கேட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் உட்கார்ந்திருப்பார். ஏறக்குறைய என் வயது, நாற்பத்தைந்து இருக்கும். காலையில் வேலைக்கு வருகிறவர்களைச் சோதித்து, தீப்பெட்டி, பீடி, கொலுசு, செல்போன் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டுதான் உள்ளே விடுவார். செல்போன்களுக்கென்று ஒரு மரப்பெட்டி. போனை அணைத்துவிட்டுத்தான் பெட்டியில் போட வேண்டும் என்று சுவரில் எழுதியிருந்தது. ஒருவரும் அணைப்பதில்லை. அந்த அம்மாளும் அணைக்கச் சொல்வதில்லை. சோம்பல் என்று நான் தீர்ப்பு எழுதிவிட்டேன்.

அப்போது மெசேஜ் பேக் போட்டால் நாளுக்கு நூறு மெசேஜ் இலவசம். இலவசமாகக் கிடைத்ததை நம் ஜனங்கள் மிச்சம் வைப்பார்களா? பெட்டிக்குள் இருந்தவற்றில் பாதிக்கு மேல் சைனா போன்கள், கோயில் கொடைத் திருவிழாவில் கட்டுகிற குழாய் ஸ்பீக்கருக்குச் சமமான தொண்டை உள்ளவை. ஒன்றில் மெசேஜ் வந்தால் சேவல் கூவும். இன்னொன்றில் குழந்தை சிரிக்கும். ஒன்று, “ஏலே, மெசேச்சு வந்துருக்குலே, பாருலே” என்று யாரோ ஒரு மாப்பிள்ளையின் குரலில் அதட்டும். நான் படித்துக்கொண்டிருந்ததோ பேய்க்கதைத் தொகுப்பு. பாழடைந்த பங்களாவின் கதவு மெல்லத் திறக்கிற இடத்தில் சேவல் கூவினால் பேய்க்கும் மரியாதை இல்லை, வாசகனுக்கும் மரியாதை இல்லை.

துபாயிலிருந்த மைத்துனர் எனக்கு ஒரு ஸ்மார்ட் போன் கொடுத்திருந்தார். விரலால் தடவினால் நகரும் ரகம். அதில் மெசேஜ் சத்தத்தை மட்டும் தனியே அடக்கும் வழியை நான் கண்டுபிடித்திருந்தேன். வித்தை கற்றவனுக்குக் கை சும்மா இருக்காது. ஒருநாள் காலை அந்த அம்மாள் குடிதண்ணீர் லாரிக்குக் கேட் திறக்கப் போயிருந்தபோது, பெட்டியை என் மேசைக்குத் தூக்கி வந்தேன். முப்பத்தேழு போன்கள். அவற்றில் மெசேஜுக்கு மட்டும் வாய்ப்பூட்டு போடும் வசதி பிடிபடவில்லை. ஆகவே மொத்தமாக சைலண்டில் போட்டேன். மெசேஜும் ஒலிக்காது, அழைப்பும் ஒலிக்காது, அதிரவும் அதிராது. அந்த அம்மாளின் போனும் அதில்தான் இருந்தது. அதையும் விடவில்லை. பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்து, பங்களாக் கதவை விட்ட இடத்திலிருந்து திறந்தேன்.

பரம அமைதி. அந்த அம்மாள் திரும்பி வந்தபின் இரண்டு மூன்று தடவை பெட்டியைப் பார்த்தார். ஒரு தடவை, நெடுநேரம் தூங்குகிற குழந்தையின் கன்னத்தைத் தட்டுவதுபோல மூடியைத் தட்டினார். “இன்னைக்கு என்ன, ஒருத்தருக்கும் ஒண்ணும் வரலை” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நான் புத்தகத்துக்குப் பின்னால் சிரித்துக்கொண்டேன்.

பதினொரு மணி இருக்கும். முதலில் சத்தம் வரவில்லை. மேசைமேல் இருந்த டம்ளரில் தண்ணீர் நடுங்கியது. அப்புறம்தான் ‘தொம்’ என்று, பூமிக்கு அடியிலிருந்து வருவதுபோல ஒன்று. பின்னாலேயே இன்னொன்று. வெளியே ஓடி வந்தேன். மேற்கே, மூன்று கிலோமீட்டர் தள்ளி, வெள்ளையாக ஒரு புகை மெதுவாக எழுந்து, அவசரமே இல்லாமல் விரிந்தது.

அந்த அம்மாள் புகையைப் பார்க்கவில்லை. இரண்டு கையையும் பெட்டியின் மூடிமேல் வைத்து, தலையைக் குனிந்து நின்றார். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். நெற்றியில் வேர்த்துக் கொட்டியது.

“அண்ணாச்சி” என்றார். குரல் யாருடையதோ போல இருந்தது. “வெடிச்சது அங்கனதான? நாம இருக்கோம்ல?”

எனக்குப் புரியவில்லை. “என்னம்மா கேக்கறீங்க?”

“எப்ப வெடிச்சாலும் இந்தப் பெட்டி கெடந்து கதறும் அண்ணாச்சி. இன்னைக்கு ஒருத்தரும் கேக்கலை. செத்தவுகளுக்குத்தான் ஒண்ணும் கேக்காதும்பாக. நாம இருக்கோமா, இல்லையா, சொல்லுங்க.”

நல்ல வெயில். காலடியில் என் நிழல் விழுகிறதா என்று குனிந்து பார்த்தேன் என்பதை இன்றைக்கு எழுத வெட்கமாக இருக்கிறது. பார்த்தேன். பேய்க்கதைகளில் ஓட்டை கண்டுபிடிக்கிற ஆள், பட்டப்பகலில், சொந்த நிழலைத் தேடினேன்.

பிறகு பாய்ந்து போய்ப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே இருட்டில் ஒவ்வொரு போனாக எரிந்தது. பச்சை, நீலம், வெள்ளை. ஒன்று அணையும்போது இன்னொன்று விழிக்கும். அத்தனை பேர் அத்தனை வீடுகளிலிருந்து கத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு சத்தம் இல்லை.

நான் அறியாமல் இருந்த வழக்கத்தை, அவர் சொன்ன துண்டு துண்டான வார்த்தைகளிலிருந்து அந்த இடத்திலேயே தெரிந்துகொண்டேன். எங்கே வெடித்தாலும் வீட்டில் இருப்பவர்கள் ஒரு மெசேஜ் தட்டுவார்கள். எழுத்து வராதவர்கள் வெறும் மெசேஜையே அனுப்புவார்கள். உள்ளே வேலை செய்கிறவர்களின் கையெல்லாம் வெடிமருந்து. கையைக் கழுவி, போர்மேன் தலை எண்ணி முடித்து, கேட்டுக்கு வர அரை மணி ஆகிவிடும். அதற்குள் வீட்டில் இருப்பவருக்கு உயிர் போய்விடும். ஆகவே கேட்டில் இருப்பவர்தான் பதில் சொல்ல வேண்டும். மெசேஜ் வந்த நம்பருக்கு ஒரே ஒரு ரிங் கொடுத்துக் கட் பண்ணினால், நல்லா இருக்காங்க என்று அர்த்தம். அதை எடுக்கக் கூடாது. எடுக்கும்வரை விடாமல் அடித்தால், கிளம்பி வா என்று அர்த்தம். பக்கத்துக் கம்பெனிகளிலும் இதேதான் வழக்கமாம்.

“நான்தாம்மா சைலண்டில் போட்டேன்” என்றேன்.

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்.”

“என்னோடதையுமா அண்ணாச்சி?”

நான் தலையாட்டினேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. பெட்டிக்குள் கைவிட்டுத் தன் போனை எடுத்து என்னிடம் நீட்டினார். “வாசிங்க. எம்மக அங்கனதான் பேக்கிங்ல இருக்கா.”

ஒரே கம்பெனிக்கு மகளையும் கூட்டி வரலாமே என்று முன்பு ஒருநாள் நான் யோசனை சொல்லியிருந்தேன். “ஒரே கூரைக்குக் கீழ ஒரு வீட்டு ஆளு ரெண்டு பேரு எதுக்கு?” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு வெற்றிலை மடித்திருந்தார். அந்த வாக்கியத்தின் பொருள் எனக்கு இப்போதுதான் முதுகுத்தண்டில் ஏறியது.

திரையைப் பார்த்தேன். மகள் போனிலிருந்து ஒரு மிஸ்டு கால். வெடித்த நான்காவது நிமிடம்.

“ஒரே ஒரு மிஸ்டு கால்தான். நல்லா இருக்கா, பயப்படாதீங்க.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “எம்புட்டு நேரம் அடிச்சதுன்னு அதுல எழுதிருக்கா அண்ணாச்சி?”

எழுதவில்லை. ஒரு ரிங்கோடு நின்றதா, எடுக்க ஆளில்லாமல் அடித்து அடித்து ஓய்ந்ததா, அந்தத் திரைக்குத் தெரியாது. காதுக்கு மட்டுமே தெரிந்திருக்க வேண்டிய செய்தி அது. அந்தக் காதை நான் காலையில் அடைத்துவிட்டேன்.

திரும்ப அடித்தோம். எல்லா இணைப்புகளும் உபயோகத்தில் இருப்பதாக ஒரு பெண்குரல் அமைதியாகச் சொன்னது. மறுபடியும் அடித்தோம். மறுபடியும் அதே அமைதி.

“வாங்கம்மா, ஆபீஸ் மொபெட் நிக்குது, போயிருவோம்” என்றேன். அவர் நகரவில்லை. பெட்டியைக் காட்டினார். “இவுக வீட்டுல எல்லாம் என்னைய மாதிரிதான நிக்காக? ஒவ்வொண்ணா எடுத்துக் குடுங்க. சீக்கிரம்.”

முப்பத்தாறு போன்கள். நான் மெசேஜைத் திறந்து நீட்ட, அவர் பச்சைப் பட்டனை அழுத்தி, ஒரு ரிங் போனதும் கட் பண்ணினார். சில லேசில் போகவில்லை. மூன்று நான்கு தடவை அழுத்த வேண்டியிருந்தது. அதற்குள் கேட்டில் ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். பதில் கிடைக்காதவர்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்கள் கைகளையே பார்த்தபடி நின்றார்கள். அதில் ஒருவர் பாதி முகத்தில் சவரச் சோப்பு நுரையோடு சைக்கிளில் வந்திருந்தார்.

அந்த அம்மாள் தலையைத் தூக்காமலே சொன்னார்: “ஒம் பொண்டாட்டிக்கு ஒண்ணுமில்லை. போயி மிச்ச மொகத்தையும் செரைச்சிட்டு வா.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் அவர் அடுத்த போனை என் கையிலிருந்து வாங்கிவிட்டார்.

கடைசிப் போனையும் முடித்த பிறகே மொபெட்டில் ஏறினார். போகிற வழியெல்லாம் வானத்திலிருந்து காகிதம் விழுந்தது. மத்தாப்புப் பெட்டியில் ஒட்டுகிற லேபிள்கள், கலர் கலராக, கல்யாண ஊர்வலத்தில் தூவுவதுபோல. ரோட்டோரக் கருவேல முள்ளில் வெள்ளிப் பொடி படிந்து மின்னியது. கந்தக நெடி. எதிரே ஒரு வண்டியும் வரவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்தவர் போனைக் காதோடு வைத்திருந்தார். அதில் யாரும் பேசவில்லை. இனி ஒரு சத்தத்தையும் தவறவிட மாட்டேன் என்பதுபோலச் சும்மா வைத்திருந்தார். நான் ஏதேதோ ஆறுதல் சொன்னேன். பின்னால் ஆள் இருக்கிறாரா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

அந்தக் கம்பெனியின் கேட்டை நெருங்குவதற்கு முன்பே சத்தம் கேட்டது. சேவல், மணி, குழந்தைச் சிரிப்பு, நாதஸ்வரம் எல்லாம் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு. அங்கே யாரும் எதையும் சைலண்டில் போட்டிருக்கவில்லை. கேட்டருகே சிமெண்ட் திண்டில் ஒரு துண்டை விரித்து, போன்களைக் கொட்டிவைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கழுவிய கையில் மருந்துக் கறை போகவில்லை. ஒரு பக்கம் தலைமுடி பொசுங்கியிருந்தது. கேட்டில் இருந்த ஆள் உள்ளே ஆட்களைத் தூக்க ஓடிவிட்டதால், அவர் வேலையை இவள் எடுத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றாக எடுத்து, ஒரு ரிங், கட். ஒரு ரிங், கட்.

எங்களைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை.

“யம்மா, ஒனக்குத்தான மொதல்ல ஒத்தை ரிங்கு குடுத்தேன்? எதுக்கு ஓடியார?”

அந்த அம்மாள் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. “சத்தம் கேக்கலை தாயி” என்றார். மகளின் தலையில் கையை வைத்துப் பார்த்தார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, அவரும் ஒரு போனை எடுத்தார்.

திண்டின் ஓரத்தில் மூன்று போன்களை அந்தப் பெண் தனியாக ஒதுக்கி வைத்திருந்தாள். அந்த மூன்று பேரும் இன்னும் வெளியே வந்திருக்கவில்லை. ஒற்றை ரிங்கும் கொடுக்க முடியாது. விடாமல் அடிக்கவும் யாருக்கும் மனசு வரவில்லை. அவை மட்டும் மெசேஜுக்கு மேல் மெசேஜாகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தன. அதில் ஒன்றில் குழந்தை சிரித்துக்கொண்டே இருந்தது. தாங்க முடியவில்லை. என் கை தானாக அதை நோக்கிப் போனது. ஒரு பட்டன்தான்.

அந்த அம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “தொடாதீக அண்ணாச்சி. அவுக கேட்டுக்கிட்டு இருக்காக. கேக்கட்டும்.”

அரை மணி கழித்து, பின்பக்கம் வேலி தாண்டிக் குதித்துச் சோளக்காட்டுக்குள் ஓடியிருந்த ஒருவர், சட்டையில்லாமல், தன் கால்களையே நம்பாதவர்போல நடந்து வந்தார். மூன்றில் ஒன்றை எடுத்து அந்தப் பெண் ஒற்றை ரிங் கொடுத்தாள். அதைக் கொடுத்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. மற்ற இரண்டும் சாயங்காலம் வரை ஒலித்துக்கொண்டிருந்ததாகப் பிறகு சொன்னார்கள். அந்த இரண்டு வீடுகளுக்கும் ஆள் நேரில் போய்ச் சொன்ன பிறகும்கூட, யாரும் அவற்றை அணைக்கவில்லையாம்.

இப்போதெல்லாம் கூட்டத்திலோ, நூலகத்திலோ, பஸ்ஸிலோ ஒரு போன் கூச்சமில்லாமல் ஒலித்தால் எல்லோரும் திரும்பி முறைக்கிறார்கள். எனக்கு முறைக்க வருவதில்லை. எங்கிருந்தோ யாரோ யாரையோ ‘இருக்கியா’ என்று கேட்கிறார்கள், பதில் சொல்ல அந்த ஆள் இருக்கட்டும் என்றுதான் ஒவ்வொரு தடவையும் மனம் முந்திக்கொண்டு வேண்டுகிறது.