இரண்டு மஞ்சள்

சுமலதாவுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பிவந்து பேத்துப்பாறையில் குடியேறிய குடும்பம். கொடைக்கானல் விடுதி ஒன்றில் ஆறு வருடமாகத் தொலைபேசி ஆபரேட்டர்.

2006 மார்ச்சில் விடுதிக்குப் புது மென்பொருள் வந்தது. திரையில் நாற்பது கட்டங்கள், அறைக்கு ஒன்று. பச்சை என்றால் தயார், சிவப்பு என்றால் ஆள் இருக்கிறது, மஞ்சள் என்றால் சுத்தம் செய்கிறார்கள். சுத்தம் செய்பவர்கள் வேலையைத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் அறைத் தொலைபேசியில் வெவ்வேறு எண்ணை அழுத்த வேண்டும். சுமலதாவின் கணினியில் இருந்த திரைவாசிப்பான் எழுத்தைப் படிக்கும். நிறத்தைப் பற்றி வாய் திறக்காது.

மேலாளர் சேனாதிபதி கூப்பிட்டுச் சொன்னார்: "மே ஒண்ணுல இருந்து போன் எடுக்கிறவங்களே ரூம் நிலவரமும் சொல்லணும்மா. முடியலன்னா துணி மடிக்கிற சோலிக்குப் போயிருங்க. சம்பளம் குறையாது."

அந்தக் கடைசி வாக்கியம்தான் அவளுக்கு உறைத்தது.

திரைவாசிப்பானுக்குப் புதிய கட்டளைகள் எழுதலாம் என்று மதுரையில் கணினி படித்தபோது கேட்டிருந்தாள். தினமும் முதல் பஸ்ஸில் வெள்ளனே வந்து எழுதினாள். 'நொடிக்கொருமுறை ஒவ்வொரு கட்டத்தின் நிறத்தையும் பார். மாறியிருந்தால் மட்டும் சொல்.' கேட்க எளிது. முதல் வாரம் அது மாறாத அறைகளையும் சேர்த்து நாற்பதையும் ஓயாமல் ஒப்பித்தது.

கணினிக்கு ஒரு நிறம் என்பது மூன்று எண்கள். எந்த எண்கள் எந்த நிறம் என்று வரவேற்பு மேசையில் இருந்த பிரதீப் பார்த்துச் சொன்னான். மூன்று நிறங்களுக்கு நான்கு வரிசை எண்கள் வந்தன. மஞ்சளுக்கு மட்டும் இரண்டு. தப்பு தன்னுடையது என்று மூன்று நாள் தேடினாள். கண் உள்ளவர்களைச் சந்தேகிக்க அவள் பழகியிருக்கவில்லை. நான்காம் நாள் மேலாளரிடம் போனாள்.

"மஞ்சள் ரெண்டு இருக்குங்க சார்."

பக்கத்தில் நின்ற பிரதீப் சிரித்தான். "பொறந்ததுல இருந்து மஞ்சளையே பாக்காத நீங்க எங்களுக்கு மஞ்சள் காட்டுறீங்களாக்கா?"

"நான் காட்டல தம்பி. மெஷின் காட்டுது. இருநூத்தி மூணாம் ரூமும் இருநூத்தி ஏழாம் ரூமும் ஒரே நிறமா?"

இருவரும் திரையில் மூக்கு படும்படி குனிந்தார்கள். "ஒரே மஞ்சள்தான்மா" என்றார் மேலாளர்.

சுமலதா மாடிக்குப் போன் போட்டாள். எடுத்தவள் அறைகளைச் சுத்தம் செய்யும் மூக்கம்மா.

"மூணு முடிஞ்சிருச்சு தாயி, சூப்பர்வைசர் வந்து பாக்க வேண்டியதுதான். ஏழுல தரை ஈரமா கெடக்கு. யாரையும் அனுப்பிராதீங்க!"

போனின் ஒலிபெருக்கியில் அதைக் கேட்டதும் பிரதீப்பின் சிரிப்பு நின்றது. நெருக்கடி நேரத்தில் மஞ்சள் அறை எதுவானாலும் சாவியைக் கொடுத்து அனுப்பியவன் அவன். ஈரத் தரைக்குத் திட்டு வாங்கியவள் மூக்கம்மா.

"ஆரம்பிச்சா ஒரு நம்பர், முடிஞ்சா ஒரு நம்பர்னு சரியாத்தானே அமுக்குறேன்!" என்றது மாடிக் குரல். "சொன்னா யாரு கேட்டீக?"

மேலாளர் திரையிலிருந்து நிமிர்ந்தார். பிறகு, "துணி மடிக்கிற பேச்சை விட்ருங்கம்மா" என்றார்.

நிறம் அவளுக்கு இன்னும் எண்தான். அவளுடைய வேலைக்கு அது போதுமானதாக இருந்தது. கண் உள்ளவர்களின் பார்வைதான் போதவில்லை.

மே ஒன்று. வரவேற்பறை முழுக்கப் பெட்டிகள், அழும் குழந்தைகள். சுமலதாவின் காதில் திரைவாசிப்பான் அறை அறையாகச் சொல்லிக்கொண்டிருந்தது. கையில் சாவியோடு, மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பிரதீப் கத்தினான்:

"அக்கா, நூத்திப் பன்னெண்டு எந்த மஞ்சள்?"

"முடிஞ்ச மஞ்சள். வெரசா குடு."