துரை பங்களா ரோடு காய்ந்த கதை

துரை பங்களாவுக்குப் போட்ட புதுத் தார் ரோடு காய்வதற்குள் கெட்டுப்போனது. மழையால் அல்ல. மனிதர்களால்.

தார் ரோடு போடுவது ஒரு வேலையே இல்லை. போட்ட ரோட்டில் ஆளை ஏறவிடாமல் பார்ப்பதுதான் வேலை. வீட்டு வாசலுக்கு சிமெண்டு பூசிவிட்டு, நாயையும் பக்கத்து வீட்டுக்காரனையும் விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கு இது புரியும். புரியாதவர்கள் அந்த வாசலில் நடந்து போனவர்களாக இருப்பார்கள்.

எழுபதுகளின் கடைசி. மலேசியாவில், கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டம். நான் அங்கே ரோட்டுக் கங்காணி. அதற்குமுன் மருந்து கேங்கில் இருந்தேன். முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு புல்லுக்கு மருந்தடிக்கிற வேலை. நெஞ்சில் இழுப்பு வந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் சொல்லி என்னை ரோட்டுக்கு மாற்றினார்கள்.

கோலாலம்பூரிலிருந்து கம்பெனியின் பெரிய துரை வரப்போகிறார் என்றதும் பங்களா ரோட்டுக்குத் தார் வந்தது. கல் பரப்பி, ரோலர் ஓட்டி, மேலே தார்ப் பூச்சும் பூசி முடித்தோம். மலைக்குக் கீழே தாப்பாவில் என்றால் வெயிலுக்கு உடனே காய்ந்துவிடும். இங்கே பனிக்கும் தூறலுக்கும் நாள்கணக்கில் பிசுபிசுவென்று கிடக்கும். எங்கள் துரை, தோட்டத்து மேனேஜர், வந்து பார்த்தார். "பெரிய துரை வர்ற அன்னிக்கு இதுல ஒரு தடம் இருந்தாலும், மறுநாள் நீ மருந்து கேங் லா, கங்காணி" என்றார். சிரித்துக்கொண்டு சொல்லவில்லை.

கயிறு

ரோட்டின் இரண்டு முனையிலும் காலி தார் டிரம்களை நிறுத்திக் கயிறு கட்டினேன். கயிற்றில் சிவப்புத் துணி. ஆபீஸிலிருந்து பங்களாவுக்குத் தேயிலைக்குள்ளேயே ஒரு நடைபாதை உண்டு. எல்லாரும் அதில் போகட்டும் என்று துரையே உத்தரவு போட்டார்.

அன்றைக்கு சாயங்காலம் தானா ராத்தா டவுனிலிருந்து துரையின் ஜீப்பு வந்தது. கூரை இல்லாத ஜீப்பு. தூறலானாலும் அவருக்குத் திறந்த வண்டிதான் கம்பீரம். நின்றார். இறங்கினார். கயிற்றை அவிழ்த்து ஓரமாகப் போட்டார். ஏறி பங்களாவரை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். பின்னால் நீளத்துக்குச் சக்கரத் தடம். இழுப்புக்காரன் நான், மேட்டில் ஓடிப்போய் மூச்சு வாங்க நின்றேன். "என்ன துரை, நீங்களே சொல்லிட்டு..." என்று ஆரம்பித்தேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"நான் மத்த ஆளுக்குத்தானே சொன்னது, கங்காணி!"

போர்டு

தடத்தை மணல் போட்டு, தார் தடவிச் சரிசெய்தேன். மறுநாள் பெரிய கிராணியார், அதாவது ஆபீஸ் தலைமை கிளார்க், வந்தார். ஆபீஸ் அவருடையது, ரோடு என்னுடையது. அது அவருக்குத் தெரியாது. கயிறு போதாது என்றார். முறையாக அறிவிப்பு வைக்க வேண்டும் என்றார். தமிழில், மலாயில், இங்கிலீஷில் 'நடக்கக் கூடாது' என்று அவரே பெயிண்டில் எழுதினார். கையெழுத்து அழகுதான். நான் பாராட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன். அது என் தப்பு இல்லை. டீ குடிக்கிற நேரம்.

திரும்பி வந்தால் போர்டு ரோட்டுக்கு நட்டநடுவில் நிற்கிறது. இரும்புக் கம்பியைத் தார் வழியாகக் கீழே கல் வரைக்கும் சம்மட்டியால் அடித்து இறக்கியிருக்கிறார். அடிக்கும்போது கம்பியைப் பிடித்துக்கொள்ள இரண்டு ஆபீஸ் பையன்கள். மூன்று பேரும் பூட்ஸோடு. சுற்றிலும் மாட்டுப்பட்டி மாதிரி மிதிபட்டுக் கிடந்தது. நான் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றேன். கிராணியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"போர்டு இல்லேன்னா இது நடக்கக்கூடாத ரோடுன்னு யாருக்குய்யா தெரியும்?"

மண்ணெண்ணெய்

கம்பியைப் பிடுங்கி, போர்டை ரோட்டு முனையில் ஓரமாக நட்டு, ஓட்டையை அடைத்தேன். கோலா தெர்லாவிலிருந்து பங்களாவுக்கு முட்டைக்கோஸ் கொண்டுவருகிற லோரி அடுத்து வந்தது. டிரைவர் கயிற்றைப் பார்த்தான், போர்டைப் படித்தான், ஹாரன் அடித்தான். பங்களா சமையல்காரர் வீராசாமி ஓடிவந்து கயிற்றை அவிழ்த்துவிட்டார். அவரைப் பொறுத்தவரை கோஸ் வருகிற வழியை யாரும் அடைக்கக் கூடாது. நின்ற இடத்தில் லோரி எண்ணெய் ஒழுக்கிவிட்டுப் போனது.

வீராசாமிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நான் பார்ப்பதற்குள் கறையைப் போக்கிவிடலாம் என்று நினைத்திருக்கிறார். ஒரு வாளி மண்ணெண்ணெய், ஒரு தேங்காய் நார். உட்கார்ந்து தேய்த்திருக்கிறார் மனுஷன், சட்டி தேய்க்கிற மாதிரி. தோட்டத்தில் காலில் தார் ஒட்டினால் எல்லாரும் மண்ணெண்ணெய் போட்டுத்தான் கழுவுவோம். தாரைக் கழற்றுகிறது என்று தெரிந்துதானே காலுக்குப் போடுகிறோம்? அதை யோசிக்கவில்லை. நான் போனபோது ஒரு பாய் அகலத்துக்குத் தாரே இல்லை. கல் பல்லைக் காட்டியது. வீராசாமி நாரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"எண்ணெய்க் கறைதான் போவும்னு நெனச்சேன். ரோடே போயிருச்சு அண்ணே."

சாமி

துரை வந்து அந்த இடத்தைப் பார்த்தார். மருந்து கேங் போய்க்கொண்டிருந்த பக்கம் ஒரு தடவை கையைக் காட்டிவிட்டுப் போனார். எனக்கு அங்கேயே நெஞ்சு இழுத்தது.

கல்லும் தாரும் போட்டு மறுபடி பூசினேன். பூசிவிட்டு யோசித்தேன். இந்த ஜனம் துரைக்குப் பயப்படாது, போர்டுக்குப் பயப்படாது. சாமிக்குப் பயப்படும். ஆற்றிலிருந்து ஒரு கல்லைக் கொண்டுவந்து, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ரோட்டு முனையில் நிறுத்தினேன். ஓர் எலுமிச்சம்பழமும் குத்தி வைத்தேன். இனி சுற்றிப் போவார்கள் என்று நம்பினேன்.

சுற்றிப் போகவில்லை. அதுவரை அந்த ரோட்டுப் பக்கமே வராத கொழுந்துக்காரப் பெண்கள் எல்லாம் கூடையோடு வந்துவிட்டார்கள். ஒருத்தி விளக்கு வைத்து எண்ணெய் ஊற்றினாள். ஒருத்தி புதுத் தாரின் மேலேயே கற்பூரம் கொளுத்தினாள். கற்பூரம் எரிய எரிய தாரும் இளகிக் கீழே போகிறது. எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். அலகு குத்தாததுதான் குறை. நான் கத்திக்கொண்டு ஓடினேன். முன்னால் நின்ற பொன்னம்மா அசையவில்லை. கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டு கேட்டாள்.

"சாமியே தார் ரோட்டுல உக்காந்திருக்கு, எங்கள மட்டும் ஏன் ஏறாதேன்னு வெரட்டுறீங்க, கங்காணியாரே?"

துணி

கல்லைத் தூக்கிக்கொண்டுபோய் கோயிலிலேயே வைத்துவிட்டேன். கற்பூரக் குழிகளை அடைத்தேன். தார் டிரம்மில் அடிதான் மிச்சம். இனி ஒருமுறை கெட்டால் பூச ஒன்றும் இல்லை. பெரிய துரை வருகிற நாளும் நெருங்கிவிட்டது.

எங்கள் வரிசை வீடுகள் இருக்கிற லயத்தில் வந்து உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரி கேட்டாள். சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு எழுந்து போனாள். ஆறுதல் சொல்லுகிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

மறுநாள் காலை ரோட்டுக்குப் போனால் என் கயிற்றைக் காணோம். அதே டிரம்களில் மூங்கிலைச் செருகி, தலைக்கு மேலே வேறு கயிறு கட்டியிருந்தாள் என் வீட்டுக்காரி. அதில் வரிசையாக ஈரம் சொட்டச் சொட்ட உள்பாவாடைகள். அவளுடையது மட்டும் இல்லை. பொன்னம்மாவுடையது, பக்கத்து லயத்துப் பெண்களுடையது, எல்லாம். இந்த முனையில் ஒரு கொடி, அந்த முனையில் ஒரு கொடி. கீழே வாளியோடு அவள்.

பெண்பிள்ளை பாவாடைக்கு அடியில் குனிந்து போகிற ஆம்பளை எங்கள் தோட்டத்தில் இல்லை. போனால் வருஷம் முழுக்க நாலு நம்பர் லாட்டரி அடிக்காது என்று எல்லாரும் நம்பினார்கள். கோஸ் லோரி வந்தது. ஹாரன் அடிக்கக்கூட இல்லை, ரிவர்ஸில் போய்விட்டது. கோஸை வீராசாமியே நடைபாதையில் தலைச்சுமையாகத் தூக்கிக்கொண்டு போனார். கிராணியார் தூரத்திலேயே கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரும்பினார். பெண்களுக்குத் தங்கள் துணி அங்கே தொங்குகிறது, அவர்களே காவல்.

துரையின் ஜீப்பு வந்தது. அவருக்கு இந்த நம்பிக்கையெல்லாம் கிடையாது. ஆனால் ஜீப்புக்குக் கூரை கிடையாது. போனால் எது முகத்தில் படும் என்று அவருக்கும் தெரிந்தது, சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் தெரிந்தது.

"என்ன இது? எடுக்கச் சொல்லு!"

"காயட்டும் துரை, எடுத்துர்றேன்" என்றாள் என் வீட்டுக்காரி.

"எப்பக் காயும்?"

கேமரன் மலையில் இப்படிக் கேட்கிறவர் துரையாகத்தான் இருக்க முடியும். இந்தப் பனியில் தார் காய்ந்தாலும் பாவாடை காயாது. காய்ந்ததை மறுபடி வாளியில் முக்கித் தொங்கவிட்டாள் என்பது வேறு விஷயம். துரை என்னைப் பார்த்தார். நான் தேயிலையைப் பார்த்தேன். பிறகு ஜீப்பை அங்கேயே விட்டுவிட்டு, தோட்டத்தில் முதல்முறையாக நடைபாதையில் ஏறிப் போனார். அவர் தலை மறைந்ததும் நான் அவளிடம், "துரைகிட்டயே இப்படிப் பேசலாமா?" என்றேன். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மறுபடி பம்பைத் தூக்கிட்டு வந்து இழுத்துக்கிட்டுக் கெடந்தா, நெஞ்சுல ஒத்தடம் கொடுக்கறது துரையா, நானா?"

பெரிய துரை

அவர் வருகிற அன்று காலையில்தான் கொடி இறங்கியது. ரோடு கறுப்புப் பட்டு மாதிரி கிடந்தது. ஒரு தடம் இல்லை. காலை அழுத்திப் பார்த்தேன், கல். எங்கள் துரை டை கட்டிக்கொண்டு பங்களா வாசலில் நின்றார். கிராணியார் மாலையோடு நின்றார். நான் ஓரமாக நின்றேன்.

கோலாலம்பூர் மோட்டார் காடி வந்து ரோட்டு முனையில் நின்றது. பெரிய துரை இறங்கினார். வயதான மனுஷன். ரோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் ஓரத்தில் நட்டுவிட்டுப் பிடுங்க மறந்த கிராணியார் போர்டைப் படித்தார். பிறகு புல்லில் இறங்கி, சேறெல்லாம் பூட்ஸில் அப்ப, பங்களாவரை ஓரமாகவே நடந்து போனார். எங்கள் துரை பதறிக்கொண்டு எதிரே ஓடினார். பெரிய துரை அவர் தோளைத் தட்டினார்.

"புது ரோடு போல இருக்கே. கெட்டுப்போயிடும், நான் ஓரமாவே நடந்துக்கிறேன்."

நான் மருந்து கேங்குக்குப் போகவில்லை. ரோடு போட்டது கம்பெனி, காவல் காத்தது நான், பேர் வாங்கியது துரை, அதைக் காயவைத்தது மட்டும் என் வீட்டுக்காரி அஞ்சலை.